ஓனர் நம்பர் தரமாட்டேன்

வந்தவர் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

வீடு வாங்க வருகிற நம்மாட்கள் முதலில் பார்ப்பது சமையலறை. அடுத்தது சாமி மேடை. அப்புறம்தான் மற்றதெல்லாம். இந்த மனுஷன் ஹால் நடுவில் நின்றுகொண்டு கேட்டது ஒரே கேள்வி.

“ஓனர் வரலையா சிஸ்டர்?”

மாட்டினான்டா என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வீடு விற்கும் வேலை சொல்லிக்கொடுக்கும் லீடர் கமலநாதன் முதல் நாளே எச்சரித்திருந்தார். வேறு கம்பெனி ஏஜென்ட்டுகள் வீடு வாங்குகிறவர் மாதிரி வருவார்களாம். நைசாகப் பேசி, ஓனர் யார், நம்பர் என்ன என்று கறந்துவிடுவார்களாம். மறுநாள் வீடு அவர்கள் கையில் இருக்கும், வாயைக் கட்டு புஷ்பவள்ளி என்றார்.

நான் விடுவேனா? ஃபேக்டரி வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதான வரிசை என்று ஓரிடம் விடாமல் கார்டு நீட்டியிருக்கிறேன். என்னைத் தூரத்தில் கண்டாலே சொந்தக்காரர்கள் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

பல் பிடுங்கப் போன இடத்தில்கூட விடவில்லை. வாயில் பஞ்சோடு கவுன்டரில் ஒரு கார்டு வைத்துவிட்டு வந்தேன். கடைசியில் அந்தக் கார்டுதான் வேலை செய்தது. கவுன்டரில் இருந்த மீனலோசனி அக்கா அன்று சாயங்காலமே கூப்பிட்டார். பெர்மாஸ் ஜெயாவில் வீடு. தன் பேரில் மட்டும்தான் இருக்கிறது. சீக்கிரம் விற்கவேண்டும்.

என் முதல் வீடு. இது கைநழுவினால் மறுபடியும் ஃபேக்டரி கேட்டில்தான் போய் நிற்கவேண்டும்.

அக்கா இரண்டே கண்டிஷன் போட்டார். வாசலில் பேனர் கட்டக்கூடாது. அவர் நம்பரை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

நம்பர் விஷயம் எல்லா ஓனரும் சொல்வதுதான், ஏஜென்ட் தொல்லை அப்படி. பேனர் விஷயத்தில்தான் எனக்கு மனசே ஆறவில்லை. முதல் வீட்டை ஊருக்குக் காட்டாமல் எப்படி? பேனர்தானே வேண்டாம் என்றார், ஃபேஸ்புக் வேண்டாம் என்று சொல்லவில்லையே. வீட்டை நாலு படம் எடுத்துப் போட்டுவிட்டேன். அதைப் பார்த்துத்தான் இவரும் வந்திருக்கிறார்.

சாவி கொடுத்த அன்றைக்கு அக்கா பின்பக்க கிரில்லோடு ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினார். அடிக்கம்பி உள்பக்கமாக வளைந்து போயிருந்தது. “அவரு காலால ஒரு தட்டு தட்டுவாரு, திறந்துக்கும்” என்றார். அதற்குமேல் அந்த அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்ப விஷயம், நமக்கெதுக்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

வந்தவர் பேர் விஜயன் என்றார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன். பெரிய அறையின் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை அவ்வளவு நேரம் என்னதான் பார்ப்பாரோ.

கமலநாதன் சொல்லிக்கொடுத்த சோதனையைப் போட்டேன். வெளி ஏஜென்ட் யாராவது ஆள் கொண்டுவந்தால் கமிஷனில் பாதி தருவேன் என்று சும்மா காற்றில் சொல்வதுபோல் சொன்னேன். ஏஜென்ட்டாக இருந்தால் முகத்தில் ஏதாவது தெரியும். இவர் மரம் மாதிரி நின்றார்.

என்ன வேலை அண்ணே என்று நேராகவே கேட்டேன். சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறாராம். நான் நம்பாததைப் பார்த்துவிட்டு, பர்ஸிலிருந்து வேலை பெர்மிட் கார்டை எடுத்து நீட்டினார். படமும் அவர்தான், பேரும் அதுதான்.

அப்பாடா! ஏஜென்ட் இல்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நல்ல மனுஷனை இவ்வளவு சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஓனரிடம் இப்போது போனில் பேச முடியுமா என்று கேட்டார். நம்பர் கொடுத்தேனா? இல்லை. பேர் சொன்னேனா? அதுவும் இல்லை. அந்த விஷயத்தில் நான் கில்லாடி.

“வேலை நேரத்துல போன் எடுக்க மாட்டாங்கண்ணே. கெலாங் பாத்தா மார்க்கெட் பக்கத்துல பல் கிளினிக், அஞ்சரைக்குத்தான் விடுவாங்க. நீங்க விலைய சொல்லுங்க, நான் பேசி முடிச்சுத் தர்றேன் லா.”

சரி என்று தலையாட்டினார். பின்பக்கம் பார்க்கவேண்டும் என்றார்.

கூட்டிப் போனேன். கிரில் பூட்டைத் திறந்து இழுத்தேன். வழக்கம்போல் அசையவில்லை. கொஞ்சம் மக்கர் பண்ணும் அண்ணே, இருங்கள் என்று சொல்லி இன்னொரு தடவை இழுத்தேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வளைந்த அடிக்கம்பியில் காலால் ஒரு தட்டு தட்டினார்.

கிரில் சத்தமே இல்லாமல் திறந்தது.

அவருடைய கார் முன்வாசலில் இல்லை, பின் சந்தில் நின்றிருந்தது. நன்றி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். கடைசிவரை விலையே கேட்கவில்லை.

மணி நாலே முக்கால். கெலாங் பாத்தாவுக்கு முக்கால் மணி நேரம்.

அலமாக்! அக்காவுக்குப் போன் அடித்தேன். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. காரை நோக்கி ஓடிக்கொண்டே மறுபடியும் அடித்தேன்.

வேலை நேரத்தில் எடுக்கமாட்டார். நான்தானே சொன்னேன்.