இருபத்திரண்டு பேர் இருந்த வீடு

சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுததைப் பார்த்ததும் கன்னியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள்.

பெயர் ஜீவிதாவாம். பம்மல் முழுக்க இந்த வீட்டைத் தேடி அலைந்தாளாம். கையில் அந்தக் காலத்து வாக்காளர் பட்டியலின் நகல் இருந்தது. கூட வந்த ஜாய்சன் என்பவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“வீட்ல எல்லாருக்கும் காட்டணும்க்கா, அதான்” என்றாள் ஜீவிதா. “இங்க பாருங்க, இந்த ஒரே டோர் நம்பர்ல இருபத்திரண்டு பேர். அதுல ஒருத்தர் எங்க கொள்ளுத்தாத்தா ஸ்ரீரங்கன்.”

“எங்க மாமனார் பேரு இருக்குதா பாரும்மா. ஆதிமூலம். தோல் கம்பெனில வேலை செஞ்சாரு.”

ஜீவிதா விரலால் காட்டினாள். இறந்து பல வருடங்களான மனிதர் அச்செழுத்தில் இருந்தார். கன்னியம்மா அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தாள். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

“இப்ப அஞ்சு குடும்பம் கீறோம். இத்தினி வருசமா சொந்தம்னு சொல்லிகினு ஒருத்தரும் வரல. தாலுக்கா ஆபீஸ்லேர்ந்து அளந்துகினு போயிருக்காங்க. எங்க பேருக்கே பட்டா வந்துரும்.”

“ரொம்ப சந்தோஷம்க்கா.” ஜீவிதாவுக்கு மறுபடி கண் கலங்கியது. “இத்தனை பேர் நடுவுல எங்க தாத்தா எந்த மூலையில முடங்கிக் கிடந்தாரோ. வாடகை கொடுக்க முடியாம யார்கிட்ட பேச்சு வாங்கினாரோ.”

கன்னியம்மாவால் தாங்க முடியவில்லை. தேடி வந்த பெண் இப்படி ஒரு நினைப்போடு திரும்பிப் போகலாமா? அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு இன்னாத்துக்கும்மா வாடகை குடுக்கணும்? வூடே அவருதுதான். ஸ்ரீரங்கன் ஐயாவுக்குத்தான் மாசாமாசம் வாடகை குடுத்தோம், அவரு போனப்புறம் கேக்க ஆளில்லன்னு எங்க மாமனார் சாவுற வரிக்கும் சொல்லிகினு இருந்தாரு. ராஜா மாதிரி இருந்தவரு. அழுவாத.”

ஜீவிதாவின் அழுகை நின்றது. கன்னியம்மாவின் கையை விலக்கிவிட்டு ஜாய்சன் பக்கம் திரும்பினாள்.

“இது போதுமா, வக்கீல் சார்?”