மூன்று முறை கிழிந்த சட்டை

உதிர்ந்த இலையையும் காற்றில் பறந்து வந்த பஞ்சையும் மட்டுமே வைத்துச் சட்டை தைத்து விற்றது ஒரு தையல்சிட்டு. பச்சை இலையில் கைவைக்காது. கேட்டவர்களுக்கு ஒரு காகம் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வரும்; வாங்குபவர் முகத்தை இரண்டுமே பார்ப்பதில்லை.

பாறைக்குகை மாணிக்கம் வாங்கிய சட்டை மட்டும் மூன்று முறையும் கிழிந்து திரும்பி வந்தது.

"உதிர்ந்ததைத் தைச்சா இப்படித்தான். பேசாம கடையை மூடு" என்றது காகம்.

'ஆண்டவனே, என் தையல் அவ்வளவு மோசமா?' என்று முறையிட்டுக்கொண்டு, மாணிக்கத்திடம் நேரிலேயே கேட்டுவிடப் பறந்து போனது சிட்டு.

குகையிலிருந்து தலையைக் குனிந்தபடி வெளியே வந்தது ஒரு முள்ளம்பன்றி.

"அட, முள்ளு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே?"

"சொன்னா தைக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன் தங்கச்சி. எனக்கும் சட்டை போட ஆசைதான்."

சிட்டு சிரித்த சிரிப்பு காடு முழுக்கக் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து, பொத்தானுக்குக் காஜா எடுப்பதுபோல ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு துளை வைத்துத் தைத்தது.

சாயங்காலம் மாணிக்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

"தங்கச்சி, முதுகுப் பக்கம் எப்படி இருக்கு? நான் பார்த்ததே இல்லை."

சிட்டு பின்னால் போய் நின்று நிதானமாகப் பார்த்தது.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க அண்ணே!"