நவம்பர் வரைக்கும்

"எதுக்குய்யா பட்டாளத்துல சேர்ந்த?" என்று மேஜையைத் தட்டினார் தளபதி ஹ்யூன்.

"வடக்கு எல்லையைக் காக்கணும்னு ஐயா," என்றான் கேப்டன் டோசிக்.

"அப்புறம் ஏன் ராஜினாமா?"

"மூணு வருஷமா அந்தப் பக்கமே அனுப்பலையே ஐயா."

"கொழுப்பா? நாங்கல்லாம் நாட்டுக்காக ரத்தம் சிந்தினோம். உங்களுக்குத் தேசம்னா கிள்ளுக்கீரை." தம் பேச்சில் தாமே கண்கலங்கிய தளபதி, குரலைத் தணித்தார். "சரி, நவம்பர் முடியற வரைக்குமாவது இரு. இந்த நேரத்துல உன்னை விட்டா நான் தொலைஞ்சேன்."

டோசிக்கின் கோபம் இறங்கியது. விறைப்பாக நிமிர்ந்து நின்றான். "எதிரி கிளம்பிட்டானா ஐயா?"

"முந்நூறு முட்டைக்கோஸ் கிளம்பிருச்சு. குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாய்க்கு நீ உப்பு போட்டு ஊறவெச்சாத்தான் பதம் வருதுன்னு என் வீட்டுக்காரி கண்டிப்பாச் சொல்லிட்டா."

டோசிக் ராஜினாமாக் கடிதத்தை அவர் முன்னால் நகர்த்தி, மூடியைக் கழற்றிப் பேனாவை அவர் கையில் திணித்தான்.

"இப்பவே போடுங்க ஐயா கையெழுத்தை."