பெண் பார்க்க வந்த லேப்டாப்

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்?

அங்காளம்மாள் சுவிட்சை ஒரு தரம்தான் அமுக்கினாள். லேப்டாப்பின் திரை கறுப்பாகவே இருந்தது.

கூடம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ராஜபாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வைகுண்டராஜ், அவனுடைய அம்மா, அவனுக்கு வேலை கொடுத்திருக்கும் தாய்மாமன் பால்சாமி. லேப்டாப் மாமனுடையது; பேட்டரி போய்விட்டதால் கரண்டில் சொருகினால்தான் ஓடும். அவருடைய நூல் மில்லில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

"பாட்டெல்லாம் எதுக்கும்மா? கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற பொண்ணு. மாமா லேப்டாப்பைப் போட்டுக் காட்டட்டும்" என்று வைகுண்டராஜ்தான் சொன்னான். அந்த நொடியே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு மில் கம்ப்யூட்டர்களை அவளே பார்த்துக்கொள்ளலாம் என்றும் பேச்சு இருந்தது. அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

"ஏன்க்கா, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்கமே, இதுக்கும் பால்கோவா குடுத்தாத்தான் முழிக்குமோ?" பால்சாமி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். உள்ளே விசிறி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் மட்டும் ஒரு சின்ன விளக்கு மினுங்கியது. உள்ளே ஒரு பிளாப்பி கிடந்தது.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் தேதி குழம்பும் என்று அப்போது ஆளாளுக்கு பயாஸ் புரோகிராமை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மெஷின் கண்விழித்ததும் முதலில் ஓடுவது அதுதான். பிளாப்பியிலிருந்து புதியதை எழுதும்போது பாதியில் கரண்டு போனால் மெஷின் இப்படித்தான் கிடக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் அவளே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

மீட்க ஒரு வழி உண்டு என்று படித்திருந்தாள். இரண்டு கீயை அழுத்திப் பிடித்தபடி போட வேண்டும். அந்தப் பிளாப்பியைப் படித்து அது தன்னைத்தானே எழுதிக்கொண்டால் உண்டு. அதுவரை திரை எதையும் காட்டாது. விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அழுத்திப் பிடித்தாள். விளக்கு மினுங்கியது. மினுங்கிக்கொண்டே இருந்தது. அணைந்தது.

இன்னொரு தரம். அப்படியேதான்.

ராஜபாளையத்தில் காரில் ஏற்றும்போதே இது செத்துத்தான் இருந்திருக்கிறது. இதைப் போட்டுக் காட்டச் சொன்னவன் மாப்பிள்ளைதான்.

உதவிக்கு வருகிறவன்போல் வைகுண்டராஜ் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"நேத்து நம்ம பக்கமெல்லாம் கரண்டு போனப்ப இதுல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" தலை நிமிராமல் மெல்லக் கேட்டாள்.

அவன் கழுத்தில் வேர்த்திருந்தது. "தெரியாம எதையோ அமுக்கிட்டேன்னு சொல்லிருங்க. பொம்பளப் பிள்ளைய மாமா ஏச மாட்டாக. நான்னு தெரிஞ்சா வேலையே போயிரும்." குரலை இன்னும் இறக்கினான். "இன்னைக்கே பூ வச்சிட்டுப் போகச் சொல்லுதேன்."

நிலைப்படியில் அப்பா கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

"என்னத்தா, தெரியாம எதையாச்சும் அமுக்கிட்டியா? சொல்லு, அதனால என்ன!" என்றார் பால்சாமி. கோபமே இல்லாத குரல்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"இல்லங்க" என்றாள்.

அவருக்குக் காதில் விழவில்லை. திரும்பவும் கேட்டார்.

"இல்லங்க."