மயில் ஓட்டிய ராக்கெட்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. கே.கே. நகர் முனியாண்டி சாமி முன்னால், தெருவே கூடி நிற்க, தட்டில் கொழுந்துவிட்டு எரிந்ததை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிய சங்கதி. சந்தேகப்படுகிறவர்கள் அந்தச் சாமியிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

"வாயைத் திறடா! என் மொட்டைமாடியில வச்சு இதை விட்டியா, இல்லையா?"

கைலாசநாதன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கடுமையான சளி, மூக்கு அடைத்து 'மொட்டைமாடி' என்பது 'பொட்டைபாடி' என்று வந்தது. சிரிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

காலடியில் கிடந்தது ராக்கெட். காயலான் கடையில் பொறுக்கிய பிளாஸ்டிக் குழாய், இரண்டு பெரிய சோடா பாட்டில், நல்லெண்ணெய் டின்னை வெட்டிய வால், கறுப்புக் குடைத்துணியில் பாராசூட். தண்ணீரை ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து விடுகிற வகை. காலையில் அது கைலாசநாதனின் தண்ணீர்த் தொட்டியைப் பொத்துக்கொண்டு உள்ளே மிதந்தது.

செய்தவன் சிவபாண்டி. கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவன், கப்பலூரில் லேத் வேலை.

"மாடியில ராக்கெட் விட்டா அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணணும்னு சொல்லித்தானே சாவியைக் கொடுத்தேன்? கிளம்பு!"

"பிள்ளைத்தாச்சியை வச்சுக்கிட்டு எங்க சார் போயி வீடு தேடுவேன்?" சிவபாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். பின்னால் நிறைமாத வயிற்றோடு பாண்டிச்செல்வி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதான் ராக்கெட் வச்சிருக்கியே, ஏறிப் போ! நிலாவுல வாடகை கம்மியாம்."

வீட்டுக்கு எதிரே இருந்த முனியாண்டி கோயில் பூசாரி மொக்கைச்சாமி குறுக்கே வந்தார். பொடி போட்டுப் போட்டே மூக்குச் செத்துப்போனவர். "வாத்தியாரே, எதுக்கு வம்பு? சாமி முன்னாடி சூடம் அடிக்கட்டும். மாடியில விடலைன்னு சத்தியம் பண்ணிட்டா நீங்க வாயை மூடிக்கிறணும். என்னப்பா?"

சிவபாண்டி முகம் வெளுத்தது. இந்த முனியிடம் பொய்ச்சத்தியம் செய்தவனுக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் வாய் கோணிக் காதோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தப் பக்கத்தில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.

"நான்... கடையில போயி சூடம் வாங்கியாறேன்" என்று நழுவப் பார்த்தான்.

"நில்லு! நீ வாங்கிண்டு வந்தா அதுல என்ன தில்லுமுல்லு பண்ணுவியோ. என் ஆத்துச் சூடம்தான்! ஜகதா, சூடம் எடுத்துண்டு வா!"

உள்ளே போன மனைவி ஜகதாம்பாள் வருவதாக இல்லை. கைலாசநாதன் வாசலில் நின்று குதித்தார். "ஒரு வில்லை சூடம் எடுக்க இவ்ளோ நேரமா? ஊர் சிரிக்கறதுடி!"

அந்த அம்மாள் தலையைக் குனிந்தபடி வந்து, காகிதப் பொட்டலத்தைப் பூசாரி கையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பூசாரி அதைத் தட்டில் தட்டிக் கொளுத்தினார். இரண்டு குச்சி வீணானது. மூன்றாவதில் கரும்புகை கக்கிக்கொண்டு பற்றியது. முன்வரிசைப் பெண்கள் ஏனோ தங்கள் சேலைத்தலைப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

சிவபாண்டி மூக்கை உறிஞ்சினான். இன்னொரு தரம் உறிஞ்சினான். பயல் அழுகிறான், மாட்டினான் என்று கைலாசநாதன் உள்ளுக்குள் கொக்கரித்தார்.

ஆனால் நிமிர்ந்தவன் குரல் கோயில் மணி மாதிரி வந்தது.

"சாமி சத்தியமாச் சொல்றேன். நான் ராக்கெட் விட்டது கப்பலூர்ப் பொட்டல்ல. அது பருந்தைத் தாண்டிப் போச்சு. அவனியாபுரத்துல எறங்க வந்த விமானத்தைத் தாண்டிப் போச்சு. ஜன்னலோரமா இருந்த ஒரு அம்மா டாட்டா கூடக் காட்டுச்சு. உச்சியில குடைத்துணி விரிஞ்சதும், கார்மேகம்னு நெனச்சு ஒரு ஆண்மயில் அதுமேல ஏறித் தோகையை விரிச்சு ஆட ஆரம்பிச்சிருச்சு!"

"புளுகுறான்!" என்று பாய்ந்தார் கைலாசநாதன்.

"சாமி முன்னாடி குறுக்கே பேசாதீக!" என்று அதட்டினார் பூசாரி.

"அது இடது பக்கம் ஆடுனா ராக்கெட்டு இடது பக்கம் போகுது. வலது பக்கம் ஆடுனா வலது பக்கம். அப்படியே ஓட்டிக்கிட்டு வந்து, தாகத்துக்குத் தண்ணி குடிக்க உங்க தொட்டியில எறக்கிருச்சு. நான் விட்டதோட சரி சார். ஓட்டுனது மயிலு!"

சொல்லிவிட்டு உள்ளங்கையால் ஓங்கி அடித்துத் தீயை அணைத்தான்.

தெருவே அவன் வாயைப் பார்த்தது. கைலாசநாதன் பக்கத்தில் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தெருமுனை வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போயும் பார்த்தார். வாய் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

"முருகன் வாகனம் செஞ்ச சேதத்துக்குக் குடியிருக்கிறவன் என்னய்யா பண்ணுவான்?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை பொடியை ஏற்றினார் பூசாரி.

பல்லைக் கடித்துக்கொண்டு கைலாசநாதன் சொந்தச் செலவில் தொட்டியை மாற்றினார். சிவபாண்டி தயங்கித் தயங்கிக் கேட்ட ராக்கெட்டையும் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. மயிலைப் போய்ப் புளுகு என்று சொல்லிவிட்டோமே, முருகன் என்ன நினைப்பானோ என்று சாமியறையில் போய் உட்கார்ந்தார்.

"ஜகதா, ஒரு சூடம் எடு. முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

ஜகதாம்பாள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னார்:

"ஏன்னா, சூடம் தீந்துபோய் நாளாச்சு. கோயிலுக்கு எடுத்துண்டு போனது பீரோவுல கிடந்த அந்துருண்டை."