தானாக நகரும் ஜெபமாலை

கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டேன். நடிப்புக் குறட்டைதான்.

மருமகள் நோயெமியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேறு வழி தெரியவில்லை.

சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்து ஜெபமாலை சொல்லத் தொடங்குவேன். என் இதயம் பாதி வேலைதான் பார்க்கிறது. கால் வீக்கத்துக்குத் தரும் மாத்திரை மீதிப் பாதியைத் தூங்க வைத்துவிடும். மாலையின் ஐந்து பத்து மணிகளில் மூன்றாம் பத்தில் கண் சொக்கும். விழித்துப் பார்த்தால் விரல் கடைசி மணியில் இருக்கும்.

முதல் நாள் அற்புதம் என்று நினைத்தேன். மறுநாள் சந்தேகம் வந்தது. எங்கள் ஊர் ஹூட்டிகால்பா சந்தையில் ஆயுள் முழுக்கத் துணி விற்றவன் நான். தன்னைத் தானே அளந்துகொள்ளும் துணியை நான் பார்த்ததில்லை.

இது வெறும் மாலை இல்லை. என் மகன் டாகோபெர்த்தோவின் உயிர்.

வடக்கே அமெரிக்க எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டப் போனவனிடமிருந்து ஈஸ்டருக்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை. சுயாப்பா மாதாவிடம் பேரம் பேசினேன். அவன் உயிரோடு வர வேண்டும். அதற்குத் தினமும் ஒரு முழு மாலை. ஒரு மணி குறைந்தாலும் பேரம் முறிந்தது.

மாதா பதிலுக்குப் பேரம் பேசவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

எல்லை தாண்டுகிறவர்களைப் பற்றிச் செய்தி வந்தால், கதவைத் தட்டாமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைகிறவனைத் துரத்துவதுதான் சட்டம் என்று ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என் மகனே அப்படிப் போன பிறகு ரேடியோ மட்டும் பேசுகிறது.

நோயெமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோண்டுராஸில் இரண்டே சாதி: நீலக் கட்சி, சிவப்புக் கட்சி. என் அப்பா நீலம், நான் நீலம். என் சவப்பெட்டி மேலும் நீலக் கொடிதான் போட வேண்டும். இவள் அப்பன் தேர்தலுக்குத் தேர்தல் கழுத்தில் சிவப்புத் துண்டோடு லாரி மேல் நின்று கத்தினவன். போதாததற்கு இவள் அல்லேலூயா சபை. மாதாவை வணங்க மாட்டாள்.

"செவப்பு, அதுக்கு மேல அல்லேலூயா. ஊர்ல இதவிட மட்டமான சரக்கு கெடைக்கலையாடா?" என்று, இவளைக் கட்டப்போவதாக மகன் சொன்ன அன்றைக்கே கேட்டேன்.

"வெல படிஞ்சிருச்சுப்பா" என்று சிரித்தான் கழுதை.

ஜெபமாலை வெறும் பாசி மணி என்று அவள் சபைப் போதகன் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆகவே கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. நான் தூங்கியதும் மணிகளைத் தள்ளிவிடுகிறாள். கிழவன் முடித்துவிட்டதாக நம்புவான். நேர்ச்சை உள்ளுக்குள்ளேயே முறியும். பிறகு, 'பாத்தீங்களா மாமா, ஒங்க மாதா கை விட்டுட்டா' என்று சபைக்குக் கூட்டிப் போவாள். சாப்பாட்டில் உப்பை நிறுத்தியவள் இதையும் செய்வாள்.

இன்று மூன்றாம் பத்தின் நாலாவது மணியில் வேண்டுமென்றே நிறுத்தினேன். குறட்டையை ஏற்றினேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஸ்டூல் இழுபட்டது.

என் விரலிலிருந்து மாலையை மெல்ல உருவினாள்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அருள் நிறைந்த மரியாயே..."

அவள் குரல்தான். நான் நிறுத்திய மணிக்கு அடுத்த மணியிலிருந்து.

ஒன்றையும் தள்ளவில்லை. ஒன்றையும் விழுங்கவில்லை. என் மனைவி இறந்தபோது ஒன்பது நாள் ஜெபத்துக்கு உள்ளே வராமல், சபைக்குப் பயந்து வாசலுக்கு வெளியே நின்றவள். அங்கே நின்றே பாடம் செய்திருக்கிறாள்.

சிவப்பாக இருந்தாலும் பெண் மோசமில்லை என்று மனது இறங்கியது. இவள் சொல்வது மாதா கணக்கில் சேருமா என்பது மட்டும்தான் கேள்வி. சேரும், புருஷனுக்காகத்தானே கேட்கிறாள் என்று நானே இருதரப்புக்கும் தரகு பேசி முடித்தேன்.

பத்து முடிந்தது. அடுத்து 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொல்ல வேண்டும்.

"நித்திய இளைப்பாற்றியை டாகோபெர்த்தோவுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்றாள்.

முட்டாள் பெண்ணே! அது இறந்தவர்களுக்குச் சொல்வது. வாசலில் நின்று கற்றவளுக்கு எந்த ஜெபம் யாருக்கு என்று எப்படித் தெரியும்? உயிரோடு இருக்கிறவனுக்குப் போய் இதைச் சொல்லலாமா? திட்டுவதற்காக ஒரு கண்ணைத் திறந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் பத்து முடிந்ததும் மறுபடி அதையே, அவன் பெயரோடு சொன்னாள். தடுமாறவில்லை. பல நாள் சொல்லிப் பழகிய குரல்.

மணிகள் நகர ஆரம்பித்தது எப்போதிலிருந்து என்று யோசித்தேன்.

அவள் அடுப்படியில் சபைப் பாட்டுப் பாடுவதை நிறுத்திய வாரத்திலிருந்து. என் முறைப்புக்குப் பயந்துதான் நிறுத்தினாள் என்று அப்போது மீசையை முறுக்கிக்கொண்டேன்.

'இந்த இதயத்துக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது' என்று டாக்டர் இவளிடம்தான் சொல்லியிருந்தார்.

திறந்த கண்ணை மூடினேன். குறட்டையைத் தொடர்ந்தேன். சரியாக வரவில்லை. அவள் கவனிக்கவில்லை.

முடித்துவிட்டு, கடைசி மணியை என் விரலுக்கு அடியில் வைத்தாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்து தோளைத் தொட்டாள்.

"மாமா, காப்பி."

"மாலைய முடிச்சிட்டேன், பாத்தியா? ஒங்க போதகனால ஆகுமா இது?"

"எங்க ஆகும் மாமா? ஒங்க குறட்டைக்கு ஊடால ஒரு மணி வுடாம சொல்றீங்களே."

காப்பியை ஒரு வாய் குடித்தேன்.

"டாகோ போன் போட்டானா?"

"சிக்னல் இல்லாத எடமா இருக்கும் மாமா. போடுவாரு."

தினமும் கேட்பதுதான். இன்று கேட்காமல் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.