நெற்களத்தில் ஓர் உத்தரவு

அரிசி ஆலையின் நெற்களத்தில், மேஸ்திரியின் கழுத்தில் அரிவாளை வைத்தபடி சுடலைக்கண் நின்றான். தன் மனைவி பேச்சியை மேஸ்திரி கைநீட்டி அடித்ததற்காக, அவனுடைய ஒரு காதை ஏற்கெனவே அறுத்திருந்தான். காயப்போட்ட நெல்லில் ரத்தம் சொட்டியது. எதிரே இன்ஸ்பெக்டர் தமயந்தியும், துப்பாக்கியால் குறிபார்த்தபடி ஏட்டு ஞானராஜும் நின்றார்கள்.

“நான் சொல்றவரைக்கும் சுடக் கூடாது” என்று ஏட்டிடம் சொல்லிவிட்டுத் தமயந்தி, அருகில் நின்ற பேச்சியின் பக்கம் திரும்பினாள். “நீ கூப்பிடும்மா. உன் புருஷனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு.”

“அதக் கீழ போட்டுட்டு வந்திருங்க” என்று பேச்சி கதறினாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு மேஸ்திரியைத் தள்ளிவிட்டு, அரிவாளைக் கீழே போடச் சட்டென்று குனிந்தான். ஞானராஜ் சுட்டுவிட்டார். குண்டு தொண்டையைத் துளைத்தது. சுடலைக்கண் நெல்லில் முகம் புதைய விழுந்து, கால்களை உதைத்து அடங்கினான்.

“பாய வர்றான்னு நெனச்சுட்டேன் மேடம்.”

பேச்சி அழவில்லை. புருஷனின் கையருகே கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு ஏட்டை நோக்கி நடந்தாள். அவர் மறுபடி துப்பாக்கியை உயர்த்தினார். தமயந்தி நடுவில் புகுந்து, துப்பாக்கிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“நவுருங்க மேடம், வெட்டிருவா!”

“சுடாதீங்க.”

முதல் வெட்டு தமயந்தியின் தோளில், சட்டையின் நட்சத்திரங்களோடு சேர்ந்து இறங்கியது. அவள் தள்ளாடினாள், விலகவில்லை. பேச்சி அரிவாளைப் பிடுங்கி மீண்டும் ஓங்கினாள்.

“ஞானராஜ், துப்பாக்கியக் கீழ வைங்க” என்றாள் தமயந்தி.